காரின் பகல் விளக்குக்குத் தனி சுவிட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஆர்எல் என்று எல்லோரும் சொல்லும் பகல்நேர விளக்குக்கு டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைப்பது பற்றி, நெல்லை வண்ணாரப்பேட்டையிலிருந்து வள்ளியூர் வரைக்கும் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கடையில் வாங்கிப் பொருத்தும் டிஆர்எல் வேறு, கம்பெனியிலேயே ஹெட்லைட்டுக்குள் வரும் டிஆர்எல் வேறு. கீழே உள்ளவை பெரும்பாலும் முதல் வகைக்கு. இரண்டாவது வகைக்குத் தனிக் கேள்வி இருக்கிறது, அதைப் படிக்காமல் கம்பெனி வயரில் கட்டர் வைக்காதீர்கள். எல்லாமே 12 வோல்ட் பெட்ரோல், டீசல் கார்களுக்குத்தான். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் கேபிள் ஓடும் பக்கம் கையையே கொண்டு போக வேண்டாம்.

டிஆர்எல் என்பது பார்க்கிங் லைட்தானே? பேரைத்தான் மாற்றி விற்கிறார்களா?

இல்லை. பார்க்கிங் லைட் என்பது வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் சின்ன வெளிச்சம், அது எரியும்போது பின்பக்க சிவப்பு லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் சேர்ந்து எரியும். டிஆர்எல் முன்பக்கம் மட்டும்தான், அதுவும் உச்சி வெயிலில் எதிரே வருபவர் கண்ணில் படும் அளவுக்குப் பிரகாசமாக. ஐரோப்பிய விதிப்படி ஒரு விளக்குக்கு 400 முதல் 1200 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கலாம். இது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. ஸ்வீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கு கட்டாயம், கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு செய்த கார்களில் கட்டாயம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரியிலிருந்து புது மாடல் கார்களுக்குக் கட்டாயம். நம் நாட்டில் காருக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புது பைக், ஸ்கூட்டர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குப் பின்னால் உள்ள யோசனையும் இதேதான்.

நம்ம ஊரு வெயிலுக்கு விளக்கு எதற்கு அண்ணாச்சி? அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரோட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஓட்டிப் பாருங்கள். ஆலங்குளம் தாண்டியதும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், எதிரே வரும் காருக்குப் பின்னால் சூரியன் இருப்பதால் கார் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், வெள்ளி நிறக் காராக இருந்தால் அதுவும் தெரியாது, தார் ரோட்டுக் கானலோடு கலந்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பஸ்ஸை முந்தலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்க முடியும். சேரன்மகாதேவி, அம்பை பக்கம் மர நிழல் விழும் ரோட்டிலும் அதே கதை, வெயிலிலிருந்து நிழலுக்குள் கண் பழகுவதற்குள் எதிர் வண்டி பக்கத்தில் வந்துவிடும்.

அப்படியானால் எப்போதும் எரியட்டுமே, அணைக்க சுவிட்ச் எதற்கு?

எதிரே சப்பரம் வரும்போது, தெருவில் சாவு ஊர்வலம் போகும்போது, இன்ஜினை ஓடவிட்டு யாரையாவது ஏற்றக் காத்திருக்கும்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முகத்தில் வெளிச்சம் குத்தும்போது, அணைக்கத் தோன்றும். மெக்கானிக் ஷெட்டில் சாவியை ஆன் செய்து ஒரு மணி நேரம் ஸ்கேனர் வைத்துப் பார்க்கும்போதும் வேண்டும். இவ்வளவுக்காகத்தான் சுவிட்ச்.

ஆனால் ஒன்று, சுவிட்ச் என்று வைத்துவிட்டால் மனிதன் மறப்பான். இரவில் அணைக்க மறப்பான், வண்டியை விட்டு இறங்கும்போது அணைக்க மறப்பான். அதனால் மறந்தாலும் ஒன்றும் ஆகாதபடி வயரிங் இருக்க வேண்டும். சாவியை எடுத்தால் தானாக அணைய வேண்டும், பார்க்கிங் லைட்டையோ ஹெட்லைட்டையோ போட்டால் தானாக அணைய வேண்டும், அதற்கு மேல் நமக்குப் பிடித்தபோது அணைக்க ஒரு சுவிட்ச். கடைக்காரர் 'பேட்டரியிலிருந்து ஒரு வயர், நடுவில் சுவிட்ச், முடிந்தது' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் என்ன ஆகும்?

ஒரு ஜோடி எல்இடி டிஆர்எல் சுமார் 12 வாட் என்றால் 1 ஆம்ப் இழுக்கும். சின்ன கார் பேட்டரி 35 ஆம்ப்-அவர். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 10 ஆம்ப்-அவர் போச்சு. புது பேட்டரி என்றால் காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும், மூன்று வயதான பேட்டரி என்றால் 'கடகட' என்று சத்தம் மட்டும் வரும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் காரைப் போட்டுவிட்டு அருவி, சாப்பாடு, மறுபடியும் அருவி என்று சுற்றிவிட்டு ராத்திரி திரும்பி வரும்போது தள்ளிவிட ஆள் தேடுகிற கார்களில் இந்த மாதிரி நேர் கனெக்‌ஷன் கொடுத்தவையும் உண்டு.

இழுப்பது 1 ஆம்ப்தானே, அதற்கு ரிலே எதற்கு? சுவிட்சே தாங்காதா?

தாங்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரிலே என்பது சின்னக் கரண்ட் கொடுத்தால் உள்ளே தானாகத் தட்டிக்கொள்ளும் ஒரு சுவிட்ச். ஹாரனுக்கும் ஃபாக் லைட்டுக்கும் ரிலே போடுவது பெரிய கரண்ட் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது என்பதற்காக. டிஆர்எல்லுக்கு அந்தக் கவலை இல்லை, டேஷ்போர்டில் வைக்கும் சாதாரண சுவிட்சே 6 ஆம்ப், 10 ஆம்ப் தாங்கும். இங்கே ரிலே போடுவது 'பார்க்கிங் லைட் எரிகிறது, நீ அணைந்துகொள்' என்று சொல்வதற்கு மட்டும். ஐந்து கால் ரிலே ஒன்று போதும், கண்ட்ரோலர் பெட்டி எதுவும் வேண்டாம்.

சரி, வயரிங்கைச் சொல்லுங்கள்.

12 வோல்ட் ஐந்து கால் ரிலே, அதற்கு வயரோடு வரும் பேஸ் ஒன்று. ரிலே மேல் 30, 85, 86, 87, 87ஏ என்று எண் இருக்கும்.

சாவி ஆன் ஆனால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து ஒரு வயர், அதில் ஃபியூஸ், அதிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87ஏ-யிலிருந்து இரண்டு டிஆர்எல்லின் பிளஸ். 86-க்குப் பார்க்கிங் லைட்டின் பிளஸ். 85 பாடி எர்த். 87-ல் ஒன்றும் கொடுக்க வேண்டாம், ஆனால் பேஸில் அந்த வயர் சும்மா தொங்கினால் நுனியை வெட்டி ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூடிவிடுங்கள், ஏனென்றால் பார்க்கிங் லைட் போட்டதும் 30-ல் உள்ள கரண்ட் அந்த வயருக்குத்தான் போகும், அது பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

ரிலே சும்மா இருக்கும்போது 30-ம் 87ஏ-யும் உள்ளே ஒட்டியிருக்கும், அதனால் சாவி போட்டதும் டிஆர்எல் எரியும். பார்க்கிங் லைட் எரிந்தால் 85-க்கும் 86-க்கும் நடுவில் உள்ள காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) கரண்ட் வந்து ரிலே 'டிக்' என்று இழுக்கும், 87ஏ விட்டுப்போகும், டிஆர்எல் அணையும். ஹெட்லைட் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்துதான் எரியும் என்பதால் அதற்குத் தனி வயர் வேண்டாம். சுவிட்சை அணைத்தால் எந்த நிலையிலும் டிஆர்எல் எரியாது.

இன்னொன்று. கடையில் 'ஐந்து கால் ரிலே' என்று கேட்டால் சில சமயம் 87ஏ இல்லாமல் 87 என்றே இரண்டு கால் உள்ள ரிலேயைக் கொடுப்பார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதைப் போட்டால் எல்லாம் தலைகீழ், பகலில் எரியாது, பார்க்கிங் லைட் போட்டால் எரியும். நடுக்காலில் 87ஏ என்று எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். ரிலே மேலேயே சின்னப் படம் அச்சிட்டிருப்பார்கள், சும்மா இருக்கும்போது கோடு 87ஏ-யைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

காயிலுக்குக் குறுக்கே டையோடு போடச் சொல்கிறார்களே, அவசியமா?

போடுவது நல்லது. காயில் கரண்ட் நிற்கும் நொடியில் எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜ் எகிறும். பழைய வண்டியில் அது பல்பு வயரில் போய் ஒன்றும் செய்யாது, இப்போதைய கார்களில் பார்க்கிங் லைட்டை ஓட்டுவதே பிசிஎம் எனப்படும் பாடி கம்ப்யூட்டர். 1என்4007 என்ற டையோடு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கும். வெள்ளிக் கோடு உள்ள முனை 86 பக்கம், மறுமுனை 85 பக்கம். மாற்றிப் போட்டால் பார்க்கிங் லைட் ஃபியூஸ் போகும். உள்ளேயே டையோடு வைத்த ரிலேயும் கிடைக்கிறது, அதில் 86-ல் பிளஸ், 85-ல் எர்த் என்பதை மாற்றவே கூடாது.

சாவி ஆன் ஆனால் வரும் கரண்டை எங்கே எடுப்பது?

டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியில். வைப்பர், பின் கண்ணாடி வைப்பர் மாதிரி இக்னிஷனில் மட்டும் வரும் ஃபியூஸைத் தேடுங்கள். சார்ஜர் சாக்கெட் பெரும்பாலும் சாவியை ஆனுக்கு முந்தைய ஏசிசி நிலையில் வைத்தாலே வந்துவிடும், அதாவது வண்டியை நிறுத்தி பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாலும் டிஆர்எல் எரியும், அதனால் அது இரண்டாம் பட்சம். ஏர்பேக், ஏபிஎஸ், இசியு, ஃபியூயல் பம்ப் என்று எழுதியிருக்கும் ஃபியூஸ் எதையும் தொடாதீர்கள். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக், கை அதை விட்டு விலகியே இருக்கட்டும்.

வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவதைவிட ஃபியூஸ் டேப் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதை வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள ஃபியூஸை உருவி அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும், பழைய ஃபியூஸ் ஒரு தட்டில், நம் புது ஃபியூஸ் இன்னொரு தட்டில் உட்காரும். வாங்கும்போது உங்கள் வண்டி ஃபியூஸ் எந்த அளவு என்று பாருங்கள், சாதாரண பிளேடு, மினி, அதிலும் கால் குட்டையான மினி என்று பல வகை இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று சேராது.

இதற்குத் திசை உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. செருகியபின் சாவியை ஆன் செய்து, பழைய ஃபியூஸை மட்டும் உருவிப் பாருங்கள். நம் வயரில் இன்னும் 12 வோல்ட் வந்தால் திசை சரி. வரவில்லையென்றால் நம் லோடு பழைய ஃபியூஸ் வழியாகவும் போகிறது என்று அர்த்தம், ஃபியூஸ் டேப்பைக் கழற்றித் திருப்பிச் செருகுங்கள்.

பார்க்கிங் லைட் வயருக்கு பானட்டைத் திறந்து ஹெட்லைட் வரை போக வேண்டுமா?

வேண்டியதில்லை. மியூசிக் சிஸ்டத்துக்குப் பின்னால் இல்லுமினேஷன் என்று ஒரு வயர் வரும், பார்க்கிங் லைட் போட்டால் ஸ்டீரியோ பட்டன் வெளிச்சம் மாறுவதற்காக. வெளியில் வாங்கும் ஸ்டீரியோவின் ஹார்னஸில் (வயர்க் கட்டில்) அது பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். ரிலேயையும் டேஷ்போர்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் இன்ஜின் பக்கம் போவது டிஆர்எல்லுக்கான ஒரே ஒரு வயர்தான். இன்ஜின் சூடு, மழைத்தண்ணீர் இரண்டிலிருந்தும் ரிலேக்கு விடுதலை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டரை வைத்து, பார்க்கிங் லைட் அணைந்திருக்கும்போது 0, எரியும்போது 12 என்று காட்டுகிறதா பாருங்கள். டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டியில் அதையும் திருகிப் பாருங்கள், திருகும்போது வோல்டேஜ் இறங்கினால் அந்த வயர் வேண்டாம்.

பார்க்கிங் லைட் போட்டால் ரிலே வண்டு மாதிரி 'ர்ர்ர்' என்று கத்துகிறது. ரிலே கோளாறா?

ரிலே நல்ல ரிலேதான். உங்கள் வண்டியில் பிசிஎம் அந்த விளக்குக்குத் தொடர்ச்சியாகக் கரண்ட் தராமல் ஒரு நொடிக்குள் பலமுறை விட்டுவிட்டுத் தருகிறது, கண்ணுக்குத் தெரியாது, ரிலேக்குத் தெரியும். மீட்டரில் 12-க்குப் பதில் 6, 8 என்று காட்டினால் அதுதான். பின்பக்க டெயில் லேம்ப் வயர், நம்பர் பிளேட் லைட் வயர் என்று வேறு இடங்களில் அளந்து பாருங்கள், ஏதாவது ஒன்றில் முழு 12 வரலாம். எங்குமே வரவில்லையென்றால் தானாக முயற்சி செய்யாமல் விஷயம் தெரிந்த ஆளிடம் போங்கள், ஓயாமல் கத்தவிட்டால் ரிலேயின் பாயிண்ட் கருகிவிடும்.

எந்த சுவிட்ச் வாங்குவது? விளக்கு எரியும் சுவிட்ச் வாங்கினேன், எப்போதும் எரிகிறது.

மூன்று கால் உள்ள ராக்கர் சுவிட்ச் வாங்கியிருப்பீர்கள். அதில் ஒன்று கரண்ட் உள்ளே வரும் கால், ஒன்று வெளியே போகும் கால், மூன்றாவது உள்ளே உள்ள சின்ன விளக்குக்கான எர்த். எர்த் காலுக்கு மட்டும் பெரும்பாலும் பித்தளை நிறம் இருக்கும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மாற்றிக் கொடுத்தால் சுவிட்ச் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், ஆனால் அதன் விளக்கு மட்டும் சாவி போட்டதும் எரிந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு ஆனது அதுதான், இரண்டு வயரின் லக்கையும் (நுனியில் உள்ள உலோகக் கிளிப்பையும்) கழற்றி மாற்றிச் செருகினால் தீர்ந்தது. எர்த் காலையும் வெளியே போகும் காலையும் மாற்றிவிட்டால்தான் ஆபத்து, சுவிட்சைத் தட்டியதும் கரண்ட் நேராக எர்த்துக்குப் போய் ஃபியூஸ் போகும். நிறம் தெளிவாக இல்லையென்றால் மீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, சுவிட்சைத் தட்டும்போது எந்த இரண்டு கால்களுக்கு நடுவில் பீப் வருகிறது என்று பாருங்கள், மிச்சம் இருப்பது எர்த்.

என் கணக்கில், கம்பெனி டேஷ்போர்டில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் மூடி போட்டுக் காலியாக விட்டிருக்கும் பட்டன் இடத்துக்கு அளவாக ஒன்று கிடைத்தால் அதை வாங்குவதுதான் சிறப்பு. டேஷ்போர்டில் டிரில் போட்டால் வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டுதான் விலை பேசுவார்.

மூன்று நிலை சுவிட்ச் போட்டு 'ஆட்டோ, ஆஃப், எப்போதும் ஆன்' என்று வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 'எப்போதும் ஆன்' எதற்கு? இரவில் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதற்கு மட்டும்தான் அது உதவும்.

எவ்வளவு தடிமன் வயர், எத்தனை ஆம்ப் ஃபியூஸ்?

0.75 சதுர மிமீ செம்பு வயர் தாராளம். 4 மீட்டர் வயரில் 1 ஆம்ப் போனால் இழப்பு 0.1 வோல்ட்கூட வராது, 'நல்ல தடிமனா போடுவோம்' என்று 2.5 போடுவது காசுக்குக் கேடு, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) ஓட்டைக்குள் நுழையவும் நுழையாது. ஃபியூஸ் 3 ஆம்ப், கிடைக்காவிட்டால் 5. மூன்று ஊதா நிறம், ஐந்து வெளிர் பழுப்பு. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் நீல நிற 15-ஐச் செருகி ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு, அப்போது ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

வயரின் மேல் 'செம்பு' என்று சொல்லி உள்ளே அலுமினியத்தில் செம்பு முலாம் பூசியதும் விற்கிறது. நுனியைச் சீவி பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எர்த் எங்கே கொடுப்பது? ஒரு பக்கம் டிஆர்எல் மங்கலாக எரிகிறது.

மங்கல் என்றாலே முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். பெயிண்டுக்கு மேல் லக்கை வைத்து ஸ்க்ரூ முறுக்கினால் அது எர்த் இல்லை, பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிந்தபின் லக்கை வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கம்பெனியே எர்த் கொடுத்திருக்கும் போல்ட் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்தால் அதிலேயே சேர்க்கலாம். உவரி, கூடங்குளம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் இந்த லக்குகள் பச்சை பூத்துவிடும், சர்வீஸ் விடும்போதெல்லாம் ஒரு தடவை கழற்றித் தேய்த்துப் போடச் சொல்லுங்கள்.

வயரை உள்ளேயிருந்து இன்ஜின் பக்கம் எப்படிக் கொண்டு போவது?

புது ஓட்டை போட வேண்டாம். மெயின் ஹார்னஸ் போகும் இடத்தில் பெரிய ரப்பர் கிராமெட் இருக்கும், அதில் ஒரு மூலையில் சின்னதாகக் குத்தி, பழைய கிளட்ச் கேபிள் கம்பி மாதிரி விறைப்பாக எதையாவது முதலில் நுழைத்து, அதன் நுனியில் வயரை டேப் போட்டு இழுங்கள். குத்தும்போது உள்ளே போகும் கம்பெனி வயரைக் குத்திவிடக் கூடாது, அதுதான் கவனம். வெளியே வந்த இடத்தில் வயர் கிராமெட்டைவிடக் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலே போகட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. வேலையை ஆரம்பிக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள், ஸ்டீரியோவுக்குக் கோடு நம்பர் இருந்தால் அதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எலி வயரைக் கடித்துவிடுகிறது. இதற்கு என்னதான் வழி?

வயலை ஒட்டி வீடு இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலி எல்லாம் சூடான இன்ஜினைத் தேடி வரும், அதற்குப் புது வயர் பழைய வயர் என்றில்லை. முழு வழி என்று எதுவும் கிடையாது, கடிக்கக் கஷ்டமாக்கலாம். நெளிவு ஸ்லீவ் போட்டு வயரை மூடுவது, சும்மா தொங்கவிடாமல் கம்பெனி ஹார்னஸோடு சேர்த்து டை போட்டு இறுக்குவது, பம்பருக்குள் அகலமான இடத்தில் ஓட்டாமல் மேல் விளிம்பு வழியாகக் கொண்டு போவது. புகையிலையைக் கட்டித் தொங்கவிடுபவர்களும் உண்டு, நாலு நாள் வாசம் இருக்கும்வரை சரி. இருட்டுச் சந்தில் நிறுத்தாமல் வெளிச்சமான இடத்தில் நிறுத்திப் பானட்டைக் கொஞ்சம் திறந்து வைப்பது ஓரளவு உதவுகிறது. எப்படியும் எலி கடித்து வயர் பாடியில் பட்டால் நம் 3 ஆம்ப் ஃபியூஸ் போய்விடும், வைப்பர் ஃபியூஸுக்கு ஒன்றும் ஆகாது. ஃபியூஸ் டேப்பின் திசையைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னது இதற்காகவும்தான்.

என் காரில் கம்பெனியிலேயே டிஆர்எல் இருக்கிறது. அதற்கு சுவிட்ச் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் வயரை வெட்டி நடுவில் சுவிட்ச் வைப்பது தப்பான வழி. புது வண்டிகளில் பிசிஎம் அந்த விளக்கு இழுக்கும் கரண்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும், திடீரென்று கரண்ட் போகவில்லையென்றால் விளக்குப் போய்விட்டது என்று மீட்டரில் எச்சரிக்கை காட்டும், சில வண்டிகளில் கோளாறு கோடும் பதிவாகும். டிஆர்எல் ஃபியூஸை உருவுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது, அதே ஃபியூஸில் வேறு எதுவும் ஓடுகிறதா என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

முதலில் அந்தப் புத்தகத்தையும் டேஷ்போர்டு மெனுவையும் தேடுங்கள். சில கார்களில் லைட் செட்டிங்ஸில் டிஆர்எல்லை அணைக்க வழி இருக்கிறது, சிலவற்றில் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்து மாற்றித் தருவார்கள். சில கார்களில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டால் டிஆர்எல் தானாக அணையும், நிறுத்திக் காத்திருக்கும்போது அதுவே போதும். இதைத் தெரிந்துகொண்டு ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் மட்டும் தூக்கிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், பின் பிரேக் சூடாகித் தேயும், அந்த வேலை வேண்டாம்.

வெள்ளையும் மஞ்சளும் மாறி எரியும் டிஆர்எல் வாங்கினேன். மஞ்சள் வயரை என்ன செய்ய?

அந்தந்தப் பக்க இண்டிகேட்டர் பல்பின் பிளஸ்ஸில் சேர்க்க வேண்டும், இடது இடதோடு, வலது வலதோடு. வேண்டாமென்றால் நுனியை மூடிக் கட்டிவிடுங்கள், வெள்ளை மட்டும் எரியும். பழைய இண்டிகேட்டர் பல்பைக் கழற்றாதவரை பிளிங்கர் வேகமாக அடிக்கும் தொந்தரவு வராது.

இன்ஜின் ஓடினால் மட்டும் எரியும்படி ஒரு பெட்டி விற்கிறார்கள், அதை வாங்கலாமா?

அந்தப் பெட்டி பேட்டரி வோல்டேஜைப் பார்த்து வேலை செய்கிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது 13.8-லிருந்து 14.4 வரை வரும், அதை வைத்து இன்ஜின் ஓடுகிறது என்று முடிவு செய்யும். பழைய வண்டிக்குப் பரவாயில்லை. மைலேஜுக்காக ஆல்டர்னேட்டர் சார்ஜை அவ்வப்போது குறைக்கும் புது வண்டிகளில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டிஆர்எல் அணைந்து அணைந்து எரியும், எதிரே வருபவர் நீங்கள் லைட் அடித்து வழி விடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். எனக்கு ரிலே வழிதான் பிடிக்கும்.

எல்லாம் முடிந்தது. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சாவி இல்லாமல் சுவிட்சைத் தட்டுங்கள், எரியக் கூடாது. சாவி ஆன், சுவிட்ச் ஆன், எரிய வேண்டும். அப்படியே பார்க்கிங் லைட் போடுங்கள், 'டிக்' என்ற சத்தத்தோடு அணைய வேண்டும், அதை அணைத்தால் திரும்ப எரிய வேண்டும். ஹெட்லைட்டுக்கும் அதே. சாவியை எடுத்துவிட்டுப் பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டுப் பாருங்கள், டிஆர்எல் எரிந்தால் எங்கோ வயர் மாறியிருக்கிறது. பிறகு வைப்பர், ஸ்டீரியோ எல்லாம் பழையபடி ஓடுகிறதா, மீட்டரில் புதிதாக ஏதாவது விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஃபியூஸ் டேப், சுவிட்ச், ரிலே மூன்றையும் தொட்டுப் பாருங்கள். கை சுடக் கூடாது. பார்க்கிங் லைட் போட்டு ஓட்டியிருந்தால் ரிலே மட்டும் இளஞ்சூடாக இருக்கும், அது காயில் சூடு.

மழையிலும் மூடுபனியிலும் டிஆர்எல் போதும்தானே?

போதாது. டிஆர்எல் எரியும்போது பின்பக்கம் ஒன்றும் எரியாது. நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, பணகுடி பக்கம் ஐப்பசி மழை கொட்டும்போது முன்னால் வெள்ளையாகப் பளிச்சென்று எரிவதைப் பார்த்து, 'லைட் எரிகிறது' என்ற நினைப்பில் ஹெட்லைட் போடாமல் போகும் கார்கள் நிறைய. பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்தக் கார் கிட்டத்தில் வரும்வரை தெரியாது. மழை, மூடுபனி, மாலை மயங்கும் நேரம் மூன்றுக்கும் லோ பீம் ஹெட்லைட்தான், நம் ரிலே டிஆர்எல்லைத் தானாக அணைத்துக்கொள்ளும். மாஞ்சோலை மாதிரி மலைப் பாதையில் பனிக்குள் ஹை பீம் போடுவதும் வீண், வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

போலீஸ் பிடிப்பார்களா? வாரண்டி போகுமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கூடுதல் விளக்கு விஷயத்தில் சோதனையில் நிற்பவரின் பார்வை எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முன்பக்கம் நீலம், சிவப்பு, மின்னி மின்னி எரிவது, கண்ணைக் கூசும் வெளிச்சம் இதெல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது. வெள்ளை, அளவான வெளிச்சம், இரவில் தானாக அணைவது என்று இருந்தால் கேட்டாலும் காட்டிப் பதில் சொல்லலாம். வாரண்டி விஷயத்தில் கம்பெனி வயரை வெட்டியிருந்தால் எலக்ட்ரிக்கல் புகாருக்கு அதையே காரணமாகக் காட்டுவார்கள். ஃபியூஸ் டேப்பும் கப்ளரும் (பிரித்துச் சேர்க்கும் பிளக்) வைத்துச் செய்தால் வாரண்டி முடியும்வரை தேவைப்படும்போது கழற்றிவிடலாம்.

எனக்கு இதெல்லாம் வராது. எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்லிக் கொடுப்பது?

இப்படிச் சொல்லுங்கள்: 'அண்ணாச்சி, இக்னிஷன்ல எடுங்க, பேட்டரில வேண்டாம். பார்க்கிங் போட்டா கட் ஆகணும். வயர வெட்டாம ஃபியூஸ் டேப் போடுங்க, ஜாயிண்ட் எல்லாம் டேப் சுத்தாம ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.' நல்ல ஆள் என்றால் சரி என்று வேலையை ஆரம்பிப்பார். 'அதெல்லாம் எதுக்கு, நான் அம்பது வண்டிக்கு இப்படித்தான் போட்டேன்' என்று ஆரம்பித்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் மேலே சொன்ன சோதனையை அவர் முன்னாலேயே செய்து பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வெள்ளத்தில் கார் நின்றது. டிஆர்எல் வயரிங்கை அப்படியே விடலாமா?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் சீட் உயரம் வரை வந்திருந்தால் டிஆர்எல் கடைசிக் கவலை, முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், சாவியைப் போட்டுப் பார்க்காதீர்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பம்பர் வரைதான் வந்தது என்றால் டிஆர்எல் கப்ளரைப் பிரித்துத் தண்ணீரை உதறி, காய்ந்தபின் காண்டாக்ட் கிளீனர் அடித்துச் செருகினால் போதும். விளக்குக்குள் ஈரம் கட்டியிருந்தால் வெயிலில் இரண்டு நாள் காயவிட்டும் போகவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். ரிலே நனைந்திருந்தால் காயவைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம், புதிது போட்டுவிடுங்கள்.